புதுக் கூண்டைக் கண்டு மிரளும் காக்டெயில்: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாத வயதுள்ள காக்டெயில் (தலையில் கொண்டையுள்ள சின்னக் கிளி வகை) இருக்கிறது. பெயர் கிட்டு. வாங்கியபோது கடையில் கொடுத்த சின்னக் கூண்டிலேயே வளர்ந்தது. பாவமாக இருக்கிறதே என்று வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி, பட்டறையில் கொடுத்து, மூன்றடி நீளத்தில் பெரிய கூண்டு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை துண்டால் பிடித்து உள்ளே விட்டோம். அப்போதிலிருந்து ஒரு மூலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பக்கத்தில் போனால் சீறுகிறது. தீவனக் கிண்ணம் நிறைந்தபடியே இருக்கிறது. நேற்று நடுராத்திரியில் படபடவென்று அடித்துக்கொண்டு வீட்டையே எழுப்பிவிட்டது. "போகப் போகப் பழகிடும்" என்கிறார் என் கணவர். பழைய கூண்டுக்கே மாற்றிவிடலாமா?
ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: மாற்றிவிடுங்கள், இன்றைக்கே. அதற்கு இரண்டு காரணங்கள். கிட்டு சாப்பிடுகிறதா என்பது உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. நூறு கிராம்கூட இல்லாத பறவை ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே ஆபத்து. இன்னொரு காரணம் அந்த வெல்டு மெஷ். நீங்கள் கேட்காத விஷயம் அது, ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான்.

முதலில் தீவனம். கிண்ணம் நிறைந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காக்டெயில் விதையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலாக ஊதிப் பாருங்கள். உமி பறந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு நேர்மாறான கொடுமையும் நடப்பதுண்டு. கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள், உள்ளே இருப்பது வெறும் உமியாக இருக்கும். அடுத்தது எச்சம். தரையில் செய்தித்தாள் விரித்து தினமும் காலையில் பாருங்கள். வழக்கமான அளவில் பாதிகூட இல்லை, கரும்பச்சையாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் வயிற்றில் ஒன்றும் இல்லை. சமையலறையில் கிராம் தராசு இருந்தால் இன்னும் நல்லது. பழைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மாற்றும்போது மறுபடியும் துண்டை எடுக்காதீர்கள். இரண்டு கூண்டுகளின் வாசலையும் எதிரெதிரே ஒட்டி வையுங்கள். பழைய கூண்டுக்குள் அதன் பழைய கிண்ணத்தையும் ஒரு தினைக்கதிரையும் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். பெரும்பாலும் தானாகவே போய்விடும். சாயங்காலம் வரை போகவில்லை என்றால் மட்டும் அறை விளக்கை மங்கலாக்கிவிட்டு, துண்டில் சட்டென்று பிடித்து மாற்றுங்கள். மார்பை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல, மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும்.

சரி, இப்போது மெஷ். கடையில் கிடைக்கும் வெல்டு மெஷ்ஷில் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசியிருப்பார்கள். கிளி இனம் அலகை மூன்றாவது காலாகப் பயன்படுத்துகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் கம்பியைக் கவ்வும், பொழுது போகாவிட்டால் சுரண்டும். பூச்சு செதிலாக உரிந்து வயிற்றுக்குள் போனால் துத்தநாக நஞ்சாகும். புதுக் கூண்டுக்கு மாறிய பறவைகளுக்கு அதிகம் வருவதால் வெளிநாட்டுப் பறவை வளர்ப்பவர்கள் இதற்குப் 'புதுக்கூண்டு நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, எச்சம் நீர்த்துப் போவது, வாந்தி, தள்ளாட்டம் இவற்றில் எது தெரிந்தாலும் பயத்தால்தான் இப்படி இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். உங்களுக்கு மின்சார ரயிலில் போய்வரும் தூரத்தில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

செய்த கூண்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கம்பி பிரஷ்ஷால் வினிகர் விட்டு நன்றாகத் தேயுங்கள். துத்தநாகம் சொட்டுச் சொட்டாகத் திரண்டிருக்கும் இடங்களையும் வெள்ளைப் பொடி படிந்த இடங்களையும் விடவே கூடாது. கழுவி, சில வாரம் மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கட்டும். அதன்பின் மறுபடி ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். இதனால் ஆபத்து குறையுமே தவிர முழுக்கப் போய்விடாது. கம்பியைச் சதா கொறிக்கும் பறவையாக இருந்தால், செலவைப் பார்க்காமல் எவர்சில்வர் கம்பிக்கு மாறுவதுதான் நல்லது. வெட்டிய முனைகளை அரத்தால் ராவச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி போதும், முக்கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும்.

கூண்டு மாடியில் கிடக்கும் இந்த வாரங்கள் ஒரு வகையில் நல்லதுதான். கிட்டுவுக்கு வேண்டியதும் அவகாசம்தானே. காக்டெயிலின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட திறந்தவெளி. அங்கே அது வேட்டையாடப்படும் பறவை. நேற்று இல்லாத பொருள் இன்று எதிரே நின்றால் முதலில் பறந்து தப்பித்துவிட்டு, அப்புறம்தான் அது என்னவென்று பார்க்கும். உங்கள் கண்ணுக்கு அந்தச் சின்னக் கூண்டு சிறை, கிட்டுவுக்கோ அதுதான் சொந்த ஊர். ஒரே சாயங்காலத்தில் ஊரையும் மாற்றி, துண்டைப் போட்டும் பிடித்தால் சீறாமல் என்ன செய்யும்?

கூண்டு தயாரானதும் அதே அறையில் ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். கொண்டையைக் கவனியுங்கள். குச்சி மாதிரி நேராக நட்டுக்கொண்டு நின்றால் மிரண்டிருக்கிறது. தலையோடு ஒட்டிப் படிந்து, கூடவே சீறினால் பயமும் கோபமும். லேசாகப் பின்னால் சாய்ந்து தளர்ந்திருந்தால் சரி, மறுநாள் ஓரடி கிட்டே நகர்த்தலாம். பக்கத்தில் வந்த பிறகும் ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு பழைய குச்சி ஒன்றையும், அதற்குப் பழக்கமான மணி ஏதாவது இருந்தால் அதையும் புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள். அந்தக் குச்சியைக் கழுவ வேண்டாம், பழகிய கோலத்திலேயே இருக்கட்டும். பழைய கிண்ணத்தை, பழைய கூண்டில் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் மாட்டுங்கள். புதுக் குச்சி வைப்பதானால் கொய்யாக் கிளை நல்லது. மருந்தடிக்காததாகப் பார்த்து வெட்டி, கழுவிக் காயவைத்து மாட்டலாம். அரளி மட்டும் கூடவே கூடாது, அது விஷம்.

குடியேற்றம் காலையில் நடக்கட்டும். நீங்கள் மாலையில் விட்டதால் கிண்ணம் எங்கே, குச்சி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளும் முன்பே இருட்டிவிட்டது. இந்த முறையும் வாசலோடு வாசல்தான். புதுக் கூண்டின் வாசலருகே தினைக்கதிரைக் கட்டிவிட்டு நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருங்கள். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது. முதல் நாள் தலையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பலாம். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். உங்கள் கணவர் சொன்னது பாதி சரி. பழகத்தான் போகிறது, ஆனால் பழகும் வேகத்தை முடிவு செய்வது கிட்டு.

வைக்கும் இடத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று என் முதல் காக்டெயிலின் புதுக் கூண்டைப் பால்கனிக் கதவுக்கு எதிரே வைத்தேன். ஒரு மாதமாகியும் அது கீழே இறங்கிச் சாப்பிடப் பயந்தது. ஒருநாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அது பார்க்கும் திசையில் பார்த்தேன். மேலே பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கூண்டைச் சுவரோரம் நாலடி நகர்த்தினேன், அன்று மாலையே கிண்ணத்துக்கு வந்துவிட்டது. அதனால் கூண்டின் முதுகு சுவரில் இருக்கட்டும், உயரம் உங்கள் நெஞ்சளவு இருக்கட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். சமையலறைப் பக்கம் அறவே வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் தவாவின் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணி எல்லாம் வேறு அறையில்.

ராத்திரி படபடப்பு காக்டெயிலுக்கே உரிய குணம். இருட்டில் சுவரில் ஒரு பல்லி ஓடினால் போதும், தெருவில் போகிற வண்டியின் வெளிச்சம் அடித்தால் போதும், விழுந்தடித்துப் பறக்கப் பார்க்கும். ஒரு சீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். மின்வெட்டிலும் அணையாதபடி இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். மூன்று பக்கம் பருத்தித் துணியால் மூடி ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். மறுபடி அடித்துக்கொண்டால் விளக்கைப் போட்டு, தள்ளி நின்றே மெதுவாகப் பேசுங்கள், கையை உள்ளே விட வேண்டாம். அடங்கிய பிறகு சிறகுகளைப் பாருங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

முதல் வாரத்தில் ஊஞ்சல், கண்ணாடி, மண்பானை என்று எதையும் புதிதாக மாட்டாதீர்கள். விளையாட்டுச் சாமான் பிறகு ஒவ்வொன்றாக வரட்டும். பானை எப்போதுமே வேண்டாம். கிட்டு பெண்ணாக இருந்து, அதைக் கூடாக நினைத்து முட்டையிட ஆரம்பித்துவிட்டால் அது வேறு தலைவலி. ராத்திரி தூங்குவதற்கு முன் அலகை நறநறவென்று அரைத்தாலோ, ஒரு காலை மடக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டாலோ புது வீடு பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கூண்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கொண்டுபோக அது வேண்டும். தீபாவளி வெடிச்சத்தத்தில் இரண்டு ராத்திரி உள்ளறையில் வைத்துக்கொள்ளவும் கிட்டுவுக்குத் தெரிந்த அந்தச் சின்ன இடம்தான் வசதி.