முந்தின நாள் ஒரு பாட்டிலைத் திறந்து பாருங்கள்

வீட்டு பீர்: வாசகர் கேள்விகள்

முதன்முறையாக 20 லிட்டர் பிட்டர் (கசப்பான ஆங்கிலேய பீர் வகை) காய்ச்சிப் பாட்டிலில் அடைத்தேன். போன வாரம் இரண்டு நண்பர்களுக்குக் கொடுத்தபோது பாதிக் குவளை நுரை, மீதி கலங்கல். குடித்ததாகப் பெயர் பண்ணிவிட்டு வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். மறுபடியும் கொடுக்கலாமா? பேசாமல் கடையில் வாங்கிவிடட்டுமா?
வாசகர், ஹாரோ, லண்டன்

கொடுங்கள். தவறு அநேகமாக ஊற்றிய விதத்தில்தான் இருக்கும். அதைத் திருத்த ஒரு மாதம் தாராளம்.

கடை பீர் பெரும்பாலும் வடிகட்டி, வாயு ஏற்றி அடைக்கப்பட்டது. நம்முடைய பாட்டிலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. அடைக்கும்போது நாம் சேர்க்கும் சர்க்கரையைத் தின்று அதுவே வாயுவை உண்டாக்குகிறது. வேலை முடிந்ததும் அடியில் மண்டியாகப் படிகிறது. வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் வாயு பீரில் தங்காமல் பொங்கி எழும். எழும்போது மண்டியையும் கிளப்பிவிடும். நுரையும் கலங்கலும் ஒரே காரணத்தால் வந்தவை.

ஆகவே, அடைத்த பாட்டில்கள் 18 முதல் 20 டிகிரியில் குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைக்கவே கூடாது. வாயு பீருக்குள் அடங்கும், மண்டி இறுகும். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு அசைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். பிட்டருக்கு 11, 12 டிகிரி போதும். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தால் முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் பிஸ்கட் மணமும் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் வாசனையும் நாக்குக்கு எட்டாது.

குவளையில் நேரடியாக ஊற்ற வேண்டாம். கண்ணாடிக் கூஜா ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, பாட்டிலை ஒரே சாய்வில், நடுவில் நிமிர்த்தாமல் மெல்ல ஊற்றுங்கள். நிமிர்த்திச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் மண்டி கலங்கும். கழுத்தருகே மண்டி வருவது தெரிந்ததும் நிறுத்துங்கள். கடைசி ஒரு விரற்கடை பாட்டிலிலேயே போகட்டும். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலரும் தெளிந்த பீரைக் கெடுக்கிறார்கள். கூஜாவிலிருந்து எட்டுப் பேருக்கும் ஒரே தெளிவில் பகிரலாம்.

குவளைகளை முந்தின இரவே கழுவி, வெந்நீரில் நன்றாக அலசி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும். வறுவலும் வடையும் ஓடும் நம் வீடுகளில் இதில் கூடுதல் கவனம் தேவை.

முந்தின நாள் ஒரு பாட்டிலை நீங்களே திறந்து குடித்துப் பாருங்கள். இதை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை. பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் பீர் இன்னும் முதிரவில்லை. இரண்டு வாரம் பொறுங்கள். காடிப் புளிப்பு ஏறியிருந்தால் விருந்துக்கு வேண்டாம். நன்றாகக் குளிர்ந்த பாட்டிலே திறந்ததும் பீறிட்டு வழிந்தால், அந்தத் தொகுப்பில் எதையும் விருந்தாளி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009இல் ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளந்து, மிச்சமிருக்கும் இனிப்பைக் காட்டும் கருவி) 1.018 காட்டும்போதே அவசரப்பட்டு அடைத்துவிட்டேன். அந்த பீர் 1.010 வரை இறங்கியிருக்க வேண்டியது. மிச்சமிருந்த இனிப்பு முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் வாயுவாக மாறியது. ஒன்பதாம் நாள் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் மூன்று பாட்டில்கள் வெடித்தன. பக்கத்தில் இருந்த பொன்னி அரிசி மூட்டையைக் கண்ணாடிச் சில்லுகள் கிழித்திருந்தன. என் மகள் தினமும் காலணி எடுக்கும் அலமாரி அது. அவள் அப்போது பள்ளியில் இருந்தாள். அன்றிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டாமல் நான் அடைப்பதில்லை. 20 லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஊற்றும்போதே "கொஞ்சம் கசப்பு கூடிவிட்டது, அடுத்த முறை நன்றாக வரும்" என்று குறைகளை அடுக்காதீர்கள். விருந்துக்கு வந்தவர் விடைத்தாள் திருத்த வரவில்லை. நீங்கள் சொல்லிவிட்டால் அவர் அந்தக் கசப்பை மட்டுமே தேடுவார், பிறகு உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலையும் அவர் தலையில் விழும். என்ன பீர், எவ்வளவு காட்டம் என்று மட்டும் சொல்லிக் கால் குவளை ஊற்றுங்கள். பிடித்தால் அவரே குவளையை நீட்டுவார். நீட்டாவிட்டால் சுக்கு காபியோ மோரோ கொடுங்கள், கேள்வி கேட்காமல்.

நண்பர் ஒருவர் சுத்த சைவம். "உன் பீர் சைவம்தானே?" என்று கேட்டார். பார்லியும் தண்ணீரும்தானே என்றேன். சரியா?
வாசகி, லெஸ்டர்

தெளியவைக்க என்ன போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் பீரைத் தெளியவைக்கக் காலங்காலமாகப் பயன்படுவது ஐசிங்கிளாஸ். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. நம் கடற்கரையில் கூறல் மீனின் காற்றுப்பைக்கு நல்ல விலை கிடைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பொட்டலத்தில் ஜெலட்டின் என்று இருந்தாலும் சைவம் அல்ல. கொதிக்கும்போது சேர்க்கும் ஐரிஷ் மாஸ் கடற்பாசி, அதற்குத் தடையில்லை. எதுவும் போடாமல் குளிரில் வைத்தே தெளியவைக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். பொட்டலத்தை எடுத்துப் படித்துவிட்டு நண்பரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். நம்பிக் கேட்ட மனிதரிடம் மழுப்பக் கூடாது. பார்லியின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

காரில் வரும் நண்பர்களுக்கு எத்தனை பாட்டில் வரை கொடுக்கலாம்?
வாசகர், மில்டன் கீன்ஸ்

ஓட்டுகிறவருக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். நம் பாட்டிலில் ஆல்கஹால் சதவீதம் அச்சிட்டிருக்காது, நாம்தான் கணக்கிட வேண்டும். ஹைட்ரோமீட்டரில் தொடக்க அளவு 1.042, முடிவு 1.010 என்றால் சுமார் 4.2 சதவீதம். அப்படியானால் 500 மில்லி பாட்டிலில் 2.1 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). உடல் ஒரு யூனிட்டைக் கரைக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். 100 மில்லி இரத்தத்தில் இங்கிலாந்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால், ஸ்காட்லாந்தில் 50 மில்லிகிராம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் எந்த உடல் எத்தனை பாட்டிலில் அந்த வரம்பைத் தொடும் என்று விருந்து கொடுப்பவர் கணிக்க முடியாது. இரண்டு பாட்டிலை ஒரு பையில் வைத்து அவர் கையில் கொடுத்தனுப்புங்கள், நிமிர்த்தி வைக்கச் சொல்லி.

மதுரையில் வசிக்கிறேன். வீட்டில் காய்ச்சலாமா?
வாசகர், மதுரை

கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். குடிப்பது நீங்கள் மட்டும்தான் என்பதோ, நண்பர்களுக்கு இலவசம் என்பதோ அதை மாற்றாது.

என் பீரைக் குடித்த நண்பர், பத்துப் பாட்டில் வேண்டும், பணம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
வாசகர், குரோய்டன்

வாங்காதீர்கள். பிரிட்டனில் 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் வீட்டில் காய்ச்சுவதற்கான உரிமக் கட்டாயத்தை நீக்கினார். நாம் இன்று சமையலறையில் நிம்மதியாகக் காய்ச்சுவது அதனால்தான். அந்தச் சலுகை சொந்த உபயோகத்துக்கு. பணம் கைமாறினால் அது விற்பனை, பிறகு வரியும் உரிமமும் வரும். மூன்று பாட்டில் அன்பளிப்பாகக் கொடுங்கள். குடித்த கையோடு வெந்நீரில் அலசித் திருப்பித் தரச் சொல்லுங்கள். மண்டி காய்ந்து ஒட்டிவிட்டால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு.