பால் காத்திருக்காது, முட்டை காத்திருக்கும்

கேள்வி: ஐயா, எட்டுப் பசு வைத்திருக்கிறேன். வந்து எடுத்துப்போகிறவர் சொல்வதுதான் பாலுக்கு விலை. தைப்பூசத்துக்கு மட்டும் ஆட்கள் தேடி வருகிறார்கள். ஜார்ஜ் டவுனில் நானே நேரடியாக விற்க முடியுமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: முடியும் தம்பி. ஆனால் வாடிக்கை பிடிக்கிறதுக்கு முன்னால் பாலைக் குளிர வைக்க வழி பாருங்கள். அவர் சொல்வதே விலையாக இருப்பதற்குக் காரணம், மதியத்துக்குள் உங்கள் பால் போயாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். கறந்ததும் வடிகட்டி 4 டிகிரிக்குக் குளிர வைத்துவிட்டால், மறுநாள் காலையில் பினாங்குப் பாலம் தாண்டிப் போய்த் தாமான் தாமானாக, குடியிருப்பு குடியிருப்பாக இறக்கலாம், விலையும் நீங்கள் பேசலாம். ஐஸ் போட்ட பெட்டி இல்லாமல் நம் ஊர் வெயிலில் பால் ஏற்றவே வேண்டாம்.

தைப்பூசத்தை நம்பி மாடு வாங்காதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுங்கள், நல்ல வரும்படிதான், ஆனால் பூசத்தன்று கறந்த மாடு மறுநாளும் கறக்குமே, அந்தப் பாலை யார் வாங்குவார்? அதற்குத்தான் தினமும் வாங்குகிற முப்பது வீடு வேண்டும். மிஞ்சுவதைத் தயிராக்குங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் தயிரும் மோரும் ஒரு நாளும் நிற்பதில்லை, தயிர் குளிரில் சில நாள் தாங்கவும் செய்யும். அப்புறம், மாடுகளுக்குக் காசநோய், புருசெல்லா (பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் கிருமி) பரிசோதனை செய்யக் கால்நடைத் துறையிடம் கேளுங்கள், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைகள் குடிக்கிற பால் இது.

கேள்வி: என் நாட்டுக்கோழி முட்டை சிறிது என்று கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். என்ன செய்ய?
– வாசகி, பாலிக் புலாவ்

பதில்: கடை முட்டைக்கு எடைதான் கிரேடு, தங்கச்சி. ஏ என்றால் 65 கிராமிலிருந்து, சி என்றால் 55 கிராமிலிருந்து. அந்தத் தராசில் நாட்டுக்கோழி முட்டையை வைத்தால் தோற்கத்தான் செய்யும், அதனால் வைக்கவே வைக்காதீர்கள். முப்பது முட்டைத் தட்டை விட்டுவிட்டு, பத்துப் பத்தாகக் கட்டி, இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி, நாட்டுக்கோழி முட்டை என்றே விற்பனை செய்யுங்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கு அரசாங்க மானியமும் இல்லை, கட்டுப்பாட்டு விலையும் இல்லை. கடை விலை ஏறட்டும், இறங்கட்டும், நீங்கள் அதன் பின்னால் ஓட வேண்டாம், தீவனச் செலவைக் கணக்குப் போட்டு உங்கள் விலையில் நில்லுங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளில் சொல்லி வையுங்கள். பத்தியச் சாப்பாட்டுக்கு நம்மவர்கள் நாட்டுக்கோழியும் முட்டையும் தேடுவார்கள், பக்கத்துச் சீனக் குடும்பங்களும் பிள்ளை பெற்ற மாதத்தில் அதையேதான் தேடுவார்கள். முட்டையைக் கழுவாமல் துடைத்து வைத்தால் ஒரு வாரம் நிம்மதியாகக் கிடக்கும், வாங்குகிறவர் வரும்வரை நீங்கள் பொறுத்திருக்கலாம்.