பட்டறை கேள்வி – பதில்: அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை

கேள்வி: எங்கள் பட்டறையில் உள்ள பழைய லேத்தின் லீட் ஸ்க்ரூவில் (டூலை நகர்த்தும் நீண்ட திருகுத்தண்டு) அங்குலத்துக்கு 4 மரைகள் உள்ளன. 30 பல், 127 பல் கியர்களைப் பூட்டி 1.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) மரை வெட்டுகிறேன். முதல் ஓட்டம் சரியாக விழுகிறது. இரண்டாவது ஓட்டத்தில் டூல் வேறு தடத்தில் இறங்கி மரையைச் சிதைத்துவிடுகிறது. த்ரெட் டயலில் (நட்டைப் போடும் நேரத்தைக் காட்டும் எண் வட்டு) அதே எண் வந்த பிறகுதான் ஹாஃப் நட்டைப் (டூல் தாங்கியை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் பிளவு நட்) போடுகிறேன். பிழை எங்கே?
— வாசகர் ஒருவர், சூரமங்கலம், சேலம்

பதில்: கியர் கணக்கில் பிழை இல்லை. உங்கள் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6.35 மி.மீ.; ஸ்பிண்டில் (வெட்டப்படும் துண்டைச் சுழற்றும் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றும்போது அது 127-இல் 30 பங்கு சுற்றினால், கேரியேஜ் (டூலைத் தாங்கி நகரும் பகுதி) சரியாக 1.5 மி.மீ. நகரும். கோளாறு டயலை நம்பியதில்தான் இருக்கிறது. டயலின் அடியில், லீட் ஸ்க்ரூவின் ஒரு சுற்றுக்கு ஒரு பல் நகரும் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 16 பற்கள் இருக்கும். ஆகவே அதே எண் திரும்பி வருவதற்குள் லீட் ஸ்க்ரூ 16 சுற்றுகள், அதாவது 101.6 மி.மீ. அளவுக்குச் சுற்றியிருக்கும். அதை 1.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 67.73 வருகிறது. ஜாப் (வெட்டப்படும் துண்டு) தன் 68-ஆவது சுற்றை முடிக்கும் முன்பே நீங்கள் நட்டைப் போட்டுவிடுவதால், டூல் ஏறக்குறைய கால் மரை தள்ளி இறங்குகிறது.

எனவே மரை முழுதாக வெட்டி முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. ஓட்டம் முடிந்ததும் கிராஸ் ஸ்லைடால் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) டூலை வெளியே இழுத்து, மோட்டாரை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, டூல் ஜாப்பின் முனையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போனபின் நிறுத்துங்கள். கியர்களிலும் நட்டிலும் உள்ள தளர்ச்சி, டூல் மறுபடி இரும்பைத் தொடும் முன்பே தீர்ந்துவிட வேண்டும். பிறகு கிராஸ் ஸ்லைடைப் பழைய சுழி (பூஜ்ஜிய) அளவுக்கே கொண்டுவந்து, அடுத்த ஆழத்தைக் காம்பவுண்ட் ஸ்லைடில் (அதன் மேலுள்ள சிறு ஸ்லைடு) கொடுங்கள். மோட்டார் நினைத்த இடத்தில் நிற்காது என்பதால், மரை முடியும் இடத்தில் 1 மி.மீ. ஆழமும் 4, 5 மி.மீ. அகலமும் உள்ள ஒரு காடியை முன்கூட்டியே வெட்டிவைப்பது நல்லது. இந்த மரையின் ஆழம் சுமார் 0.92 மி.மீ.தான். உங்கள் சக் (ஜாப்பைப் பிடிக்கும் கவ்வி) ஸ்பிண்டிலில் மரையால் முடுக்கப்பட்டதாக இருந்தால், முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ் போடுங்கள். ஓட்டத்திலேயே திருப்பினால் சக் கழன்று விழும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கேள்வி: எஸ்டேட்டில் உள்ள பழைய காபி பல்ப்பரின் (பழத்தோலை உரிக்கும் எந்திரம்) அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல மரை) போல்ட் தேய்ந்துவிட்டது. எம்12 (12 மி.மீ. மெட்ரிக்) போல்ட்டை முடுக்கலாமா?
— வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: வேண்டாம். அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரைகள், கோணம் 55 டிகிரி. எம்12-இல் பிட்ச் 1.75 மி.மீ., கோணம் 60 டிகிரி. ஓரிரு சுற்று ஏறி இறுகும். ஸ்பேனர் போட்டு வலிந்து முடுக்கினால் வார்ப்பில் உள்ள மரையும் போய்விடும். போல்ட்டைப் புதிதாகக் கடைந்துகொள்வதே சிக்கனம். 4 மரை லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் 30, 90 பல் கியர்கள் போதும். 12 என்பது 4-இன் மடங்காகையால் ஹாஃப் நட்டை எங்கே போட்டாலும் டூல் அதே தடத்தில் இறங்கும், டயலே தேவையில்லை. டூலை மட்டும் 55 டிகிரி கேஜில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் மாட்டியிருக்கும் 60 டிகிரி டூலிலேயே வெட்டிக் கொடுத்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு.