வருடக் கான்ட்ராக்ட் போட்டால் வீடு சுத்தமாக இருக்குமா?

கேள்வி: நானும் கணவரும் முழுநேர வேலைக்குப் போகிறோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழரை ஆகிறது. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டைச் சுத்தம் செய்வதிலேயே போகிறது. புதன்கிழமைக்குள் பழைய கோலம்தான். மாதம் ஒருமுறை வந்து டீப் கிளீனிங் செய்து தரும் நிறுவனம் ஒன்றின் ஏஜென்ட், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்கிறார். வாரக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். கட்டலாமா? இளையவனுக்கு மூச்சிரைப்பு இருப்பதால் தூசியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துடைத்த வீடு புதன்கிழமைக்குள் அவ்வளவு அழுக்காகிவிடாது. கலைந்துதான் போயிருக்கும். தரைத் தூசி, குளியலறை உப்புக்கறை, அடுப்பு மேடைப் பிசுக்கு எல்லாம் அழுக்கு, மெதுவாகச் சேர்பவை. நாற்காலியில் கழற்றிப் போட்ட சட்டை, மேசையில் கிடக்கும் சார்ஜர், பள்ளியிலிருந்து வந்த காகிதங்கள், வாசலில் சிதறிய செருப்பு இவையெல்லாம் கலைசல். மூன்றே நாளில் வீட்டை நிரப்பிவிடும். துப்புரவு ஆட்கள் எடுப்பது அழுக்கை மட்டும்தான். உங்கள் பொருள்களை அவர்கள் தொட மாட்டார்கள். தொட்டால் ஒரு மூலையில் குவித்துவிட்டுத் துடைப்பார்கள். அப்புறம் ஒரு வாரம் சாவியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஹோட்டல்களில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அங்கே ஓர் அறைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் அறை பளிச்சென்று ஆகிவிடுவதைப் பார்த்து, ஏதோ தனி வித்தை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த அறையில் யாருடைய பொருளும் குடியிருப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். படுக்கையை மாற்றி, துடைத்து, குப்பையை எடுத்தால் வேலை முடிந்தது.

இப்போது அந்த ஏஜென்ட். பெரும்பாலும் இவர் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே இருக்க மாட்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அவருக்குக் கமிஷன் வந்துவிடும். அதன்பிறகு உங்கள் வீடு எப்படி இருந்தால் அவருக்கு என்ன? முதல் முறை நாலு பேர் வந்து அசத்துவார்கள், போட்டோவும் எடுப்பார்கள். மூன்றாவது மாதம் இரண்டு பேர் வருவார்கள், அதுவும் வேறு ஆட்கள். ஐந்தாவது மாதம் தேதி தள்ளிப்போகும். மொத்தப் பணமும் அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் கோபப்பட்டு என்ன பயன்? டீப் கிளீனிங்கில் எது எது அடங்கும் என்று எல்லோருக்கும் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. அலமாரிக்குப் பின்புறம் அடங்குமா, மின்விசிறி அடங்குமா, ஜன்னலின் வெளிப்பக்கம் அடங்குமா என்பதெல்லாம் அவரவர் சொல்வதுதான். இப்படி எழுதாமல் விடுவதை இந்தத் தொழிலில் எல்லோரும் சர்வசாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது. ஆட்கள் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே ஒருமுறைக்கு மட்டும் கூப்பிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்தபின் பணம் கொடுங்கள். "இன்றே சொன்னால்தான் இந்த விலை" என்கிறவரிடம் எதுவுமே வாங்க வேண்டாம்.

இதே வகையில் இன்னொருவரும் வருவார், வேக்குவம் கிளீனர் விற்கிறவர். குழாயில் கறுப்புத் துணியைக் கட்டி உங்கள் மெத்தையை உறிஞ்சிக் காட்டுவார். துணியில் சாம்பல்நிறத் தூசி படிந்திருப்பதைப் பார்த்ததும் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வரும். நேற்று தட்டிப் போட்ட மெத்தையாக இருந்தாலும் தூசி வரத்தான் செய்யும், ஏனென்றால் நம் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கிளீனர் பெட்டியின் மேல் 'ஹெப்பா டைப்' என்று இருந்தால் அது மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் ஆகிவிடாது. அமெரிக்க வரையறைப்படி உண்மையான ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 'டைப்' என்று சேர்த்துவிட்டால் அந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

சரி, கலைசலுக்கு என்ன செய்வது? டப்பாக்கள் வாங்காதீர்கள். முதலில் ஒரு வாரம், எந்தப் பொருள் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். சட்டை எப்போதும் அதே நாற்காலியில்தான் விழுகிறது என்றால் அழுக்குத்துணிக் கூடை அந்த நாற்காலி இருக்கும் இடத்துக்கு வரட்டும். நாற்காலி வேறெங்காவது போகட்டும். சாவிக்கு வாசலிலேயே ஓர் ஆணி. காகிதங்களுக்கு ஒரே ஒரு தட்டு. அது நிறைந்தால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். லில்லியன் கில்பிரத் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலைகளைப் பார்த்ததுபோலவே 1920-களில் சமையலறையையும் பார்த்தார். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று கணக்கிட்டு, நடையைக் குறைக்கும்படி இடத்தை மாற்றி அமைத்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். பதினொரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வேலைக்கும் போனவர் அவர். வாசலருகே ஓர் அலமாரிக்குக்கூட இடம் விடாமல் வீடு கட்டுகிறவர்கள் அவரைக் கொஞ்சம் படித்திருக்கலாம்.

இடம் அமைந்துவிட்டால் தினமும் இரவு பத்து நிமிடம் போதும். ஆனால் நாலு பேரும் சேர்ந்து செய்ய வேண்டும். பொருள்கள் அவற்றின் இடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் யாரும் துடைக்கவோ கழுவவோ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சுவது அழுக்கு மட்டும். அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது. மேலிருந்து கீழே வாருங்கள், முதலில் உலர்ந்த வேலை, அப்புறம் ஈர வேலை. முதலில் தரையைத் துடைத்துவிட்டு மின்விசிறியில் கை வைத்தால் தரையை மறுபடியும் துடைக்க வேண்டியதுதான். கறை மேல் மருந்தை ஊற்றிய உடனே தேய்க்காமல், லேபிளில் சொன்ன நேரம் ஊறவிட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பாதி வேலையை அதுவே செய்துவிடும். உப்புக்கறைக்கு அமிலம், பிசுக்குக்குச் சோப்பும் வெந்நீரும். வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்து பொங்கவைக்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். இதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: ப்ளீச்சையும் அமிலம் கலந்த டாய்லெட் கிளீனரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த எச்சரிக்கையைப் பாட்டிலின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடிக்க அனுமதிப்பவர்களை என்ன சொல்வது!

உங்கள் இளைய மகனுக்காக மட்டும் ஒரு விதிவிலக்கு. மற்ற வீடுகளில் கொஞ்சம் தூசி இருந்தால் குடி முழுகிவிடாது என்பேன். உங்கள் வீட்டில் அப்படி விட முடியாது. அதற்காக வீடு முழுவதும் பயந்து துடைக்கவும் வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தொல்லை தருவது தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் இருந்துகொண்டு நாம் உதிர்க்கும் தோலைத் தின்கிறது. அதன் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. எனவே அவன் படுக்கையில் கவனம் வையுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீர் இந்தப் பூச்சியைக் கொல்லாது. மெத்தைக்கும் தலையணைக்கும் தூசி உண்ணி புகாத உறை போடுங்கள். வெந்நீர் தாங்காத பஞ்சு பொம்மையை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் அலசுங்கள். குளிரில் பூச்சி செத்தாலும் கழிவு போகாது, அதனால் அலசுவதை விட்டுவிடக் கூடாது. அறையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உண்ணி பிழைப்பது கஷ்டம். ஆகவே ஈரத்துணியை அவன் அறைக்குள் காயப்போடாதீர்கள். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், அந்த நேரத்தில் அவன் வேறு அறையில் இருக்கட்டும். வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், அதுவே மூச்சிரைப்பைக் கிளப்பிவிடலாம். அவனுக்கு ஒவ்வாதது உண்மையிலேயே தூசி உண்ணிதானா என்பதை மருத்துவரிடம் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் புது மெத்தை, காற்றுச் சுத்திகரிப்பான் என்று எதையும் வாங்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய ஞாயிற்றுக்கிழமை என்று எழுதவில்லை. கணவர் உதவி செய்வது என்று வைத்துக்கொள்ளாமல், ஒரு துறையை முழுசாக அவரிடம் விட்டுவிடுங்கள். துணி என்றால் கூடை நிறைந்ததைக் கவனிப்பதிலிருந்து மடித்து அலமாரியில் வைப்பது வரை அவர் பொறுப்பு. நீங்கள் ஞாபகப்படுத்தக் கூடாது. ஓரிரு வாரம் துவைத்த துணி இல்லாமல் திண்டாடுவீர்கள், பரவாயில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கும் மெசேஜ் அனுப்பும் அலுவலகங்களுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. அந்தப் பத்து நிமிடம் இருவருடைய போனும் வேறு அறையில் இருக்கட்டும்.