புது ஃபிளாட்டுக்கு எப்போது மூட்டை கட்டுவது?

கேள்வி: குரோம்பேட்டையில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கூடுவாஞ்சேரி அருகே 60 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் 62 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் புக் செய்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் சொந்த வீடு வாங்குவது இதுதான் முதல்முறை. வைகாசிக் கடைசி முகூர்த்தத்துக்குள் சாவி தருவதாக பில்டர் சொல்கிறார். அதை விட்டால் ஆவணிதான், அதனால் எப்படியாவது பால் காய்ச்சிவிட வேண்டும் என்கிறார் மாமியார். வீட்டு ஓனருக்கு இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும். இப்போதே நோட்டீஸ் கொடுக்கலாமா? சாமான்களை எப்போது கட்ட ஆரம்பிக்கலாம்? ஓனரிடம் இருக்கும் 1.80 லட்சம் அட்வான்ஸ் வந்தால் பத்திரச் செலவுக்கு ஆகும் என்றும் நினைத்திருக்கிறோம்.

பதில்: நோட்டீஸ் கொடுக்காதீர்கள் அம்மா. அட்டைப்பெட்டியும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் பில்டர் சொன்ன தேதி இருக்கிறது, மாமியார் சொன்ன மாதம் இருக்கிறது, ஓனர் கேட்கும் கெடு இருக்கிறது. பணி நிறைவுச் சான்று பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பில்டர் ஆபீஸில் இதை 'சிசி' என்பார்கள். கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுத்த சிஎம்டிஏ அல்லது டிடிசிபி, நேரில் வந்து பார்த்து, அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறார்கள் என்று கொடுக்கும் தாள் அது. உங்களுடையது போன்ற பெரிய அடுக்ககத்துக்கு இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. சிறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். 60 வீட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இந்தத் தாள் வராமல் குடியேறியவர்களின் கதை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டட வேலைக்கு எடுத்த தற்காலிக மின் இணைப்பிலேயே ஃபேன் ஓடும். அதற்கான யூனிட் கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம். அதை பில்டர் தனக்குத் தோன்றிய கணக்கில் பங்கு போட்டு வசூலிப்பார். லிஃப்ட் ஓடும், ஆனால் உரிமம் வந்திருக்காது. தண்ணீர் லாரியில் வரும். கேட்டால், "இன்னும் பதினைந்து நாள் சார்."

அப்படியானால் பில்டர் ஏன் அவ்வளவு அவசரமாகச் சாவியை நீட்டுகிறார்? ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்கு வீட்டை ஒப்படைக்காவிட்டால், ஒப்படைக்கும் நாள் வரை மாதாமாதம் உங்களுக்கு வட்டி தர வேண்டும் என்று 'ரெரா' எனப்படும் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. நீங்கள் 'வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தக் கணக்கு அத்தோடு நின்றுவிட்டது என்று அவர் வாதாடுவார். பல இடங்களில் மெயின்டனன்ஸ் தொகையும் அன்றிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். அந்தக் கையெழுத்தை வாங்கத் தோதான நாள் எது? கிரகப்பிரவேசம்தான். வாசலில் மாவிலை கட்டி, சொந்தபந்தமெல்லாம் வந்து நிற்கும்போது, சைட் இன்ஜினியர் ஒரு ஃபைலை நீட்டி, "ஃபார்மாலிட்டி மேடம்" என்பார். அந்த நேரத்தில் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

மாமியாரின் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிசி வராமலே வைகாசியில் பால் காய்ச்ச ஒரு வழி இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு வாரம் முன்பே பில்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'இன்ன தேதியில் காலை பூஜைக்காக மட்டும் ஒரு நாள் சாவி வேண்டும். இது வீட்டைப் பெற்றுக்கொண்டதாகாது. பூஜை முடிந்ததும் சாவியைத் திருப்பித் தருகிறோம்.' இதற்குச் சரி என்று எழுத்தில் பதில் வர வேண்டும். தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் அது பதில் இல்லை. அன்று சாவி வாங்கும்போது ரெஜிஸ்டரில் கையெழுத்து கேட்டால் 'பூஜைக்கு மட்டும்' என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எழுதியதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே சாவியைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பால் குக்கரையோ ஒரு பாயையோகூட அங்கே விட்டு வராதீர்கள். 'சாமான் வைத்திருந்தார்கள், குடியிருந்தார்கள்' என்று பிறகு பேச்சு வரும். அந்த இடைவெளியில் கார்பென்டரை அனுப்பி மாடுலர் கிச்சன் வேலையைத் தொடங்குவதும் வேண்டாம். "அன்அஃபீஷியலாப் பண்ணிக்கோங்க" என்று பில்டரே சொல்வார். மூன்று மாதம் கழித்துச் சுவரில் நீர்க்கசிவு என்றால், "உங்க ஆளு டிரில் போட்டதுதான் காரணம்" என்பவரும் அவரே.

சிசி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பதற்றம் தேவையில்லை. சான்று வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் அதே சட்டம் வாங்குபவருக்குக் கெடு வைத்திருக்கிறது. 'ஏழு நாளில் வராவிட்டால் அபராதம்' என்று கடிதம் வந்தால் இதைச் சொல்லுங்கள். உங்கள் ஓனர் கேட்பதும் இரண்டு மாதம். இரண்டும் பொருந்திப் போகிறது பாருங்கள். ஆகவே சிசியின் நகல் கையில் வந்து, பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம்.

ஈஎம்ஐயும் வாடகையும் சேர்ந்து விழுமே என்பீர்கள். விழும். ஒன்றிரண்டு மாதம், போனால் 36,000 ரூபாய். மறுபக்கத்தைப் பாருங்கள். நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வீடு தயாராகாமல் கெடு தாண்டியும் தங்கினால், தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டை வாடகையும் அதற்கு மேல் நான்கு மடங்கும் ஓனர் கேட்க முடியும். எல்லா ஓனரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வாடகைதாரரிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்ட ஓனர், கேட்காமல் இருப்பார் என்று எதை வைத்து நம்புவது?

இப்போது அந்த 1.80 லட்சம். அதைப் பத்திரச் செலவுக் கணக்கிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். பதிவுப் பணம் முதலில் போக வேண்டும், அட்வான்ஸ் கடைசியில்தான் வரும். காலி செய்து, ஓனர் சுற்றிப் பார்த்து, பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். சட்டம் அதற்கு ஒரு மாதம் அவகாசமும் கொடுக்கிறது. முதல் வீடு வாங்குகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பிறகு கடைசி நேரத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவார்கள்.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? 62 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 49.60 லட்சம்வரை தரலாம். மீதி 12.40 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வங்கி வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்கிடாது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து, புது ஃபிளாட்டின் முதல் விற்பனையில் நிலப் பங்கையும் கட்டடத்தையும் ஒரே கிரயப் பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உங்களுக்கு 4.34 லட்சம். ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.10 லட்சம். இதை விலையில் ஏற்கனவே சேர்த்திருக்கிறாரா என்று பில்டரிடம் கேளுங்கள். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 20 லட்சம் உங்கள் கையிலிருந்து. உட்புற மர வேலை இதில் இல்லை.

இன்னொன்று, 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் பில்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் பிடித்து நீங்கள்தான் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். வங்கி நேராக அனுப்பும் தவணைக்கும் இது உண்டு. கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், பில்டர் பெயருக்கு இல்லை.

பதிவுச் செலவு என்று பில்டர் தரப்பு மொத்தமாக ஒரு தொகை சொல்லும். 'ரெஜிஸ்ட்ரேஷன் அண்ட் லீகல், ஆறு லட்சம்' என்பார்கள். பிரித்துக் கேளுங்கள். அரசுக்குப் போகும் பணம் ஆன்லைனில் கட்டப்படுகிறது, ரசீது வருகிறது. பத்திரம் எழுதுபவருக்கு நியாயமான கூலி உண்டு, கொடுங்கள். அதற்கு மேல் 'ஆபீஸ் செலவு' என்ற தலைப்பில் வருவது எதற்கு என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பதிவு அலுவலகத்தில் டோக்கன், கைரேகை, கேமரா எல்லாம் கணினியில் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் காலை பத்தரை மணி டோக்கனுக்கு மாலை நான்கு மணிவரை மரத்தடியில் நிற்க வைத்து, "சர்வர் டவுன்" என்று சொல்லும் வழக்கம் மட்டும் போகவில்லை. அந்த அலுப்பில்தான் எல்லோரும் உறையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். புரோக்கருக்குப் பிழைப்பே இந்த அலுப்புதான்.

'வங்கியே லோன் கொடுத்துவிட்டது, அப்படியானால் டாக்குமென்ட் சரி' என்பார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காக ஒருவர் நிலம் யார் கையிலிருந்து வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரத்தையும், அதன் மேல் அடமானம், விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று சொல்லும் 30 வருட வில்லங்கச் சான்றையும் பார்க்கட்டும். நோட்டீஸ் கொடுக்காமல் காத்திருக்கும் இந்தக் காலம் அதற்குத்தான்.

சாவி வாங்கும் முன் ஒரு சோதனை. குளியலறையின் நீர்ப்போக்கியைப் பிளாஸ்டிக் பையில் துணி சுற்றி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையைப் பாருங்கள். உங்களுக்கு மேல் வீட்டிலும் இதையே செய்யச் சொல்லி உங்கள் கூரையைப் பாருங்கள். செல்போன் சார்ஜரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். குறைகளைப் பட்டியலாக எழுதி, சரிசெய்து தரும் தேதியோடு பில்டர் தரப்பில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் உங்கள் கையெழுத்து.

சரி, மூட்டை கட்டும் விஷயம். பதிவு முடிந்து, உங்கள் பெயரிலோ வீட்டு எண்ணிலோ ஈபி மீட்டர் பொருத்திய பிறகு மூன்று வாரம் போதும். பரணில் இருப்பது முதலில், சமையலறை கடைசி நாள். பரணில் இருப்பதில் பாதியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம், புது ஃபிளாட்டில் பரண் இருக்காது. பத்திரம், நகை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் லாரியில் ஏறவே கூடாது.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் போனிலேயே 'ஒன்பதாயிரம்' என்பார்கள். சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு அது பதினெட்டாகும். "லிஃப்ட் இல்லை, நாலு மாடி" என்று இறங்குமிடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு பேசுவார்கள். வீட்டுக்கு வந்து பார்க்காமல் விலை சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சாமான் பட்டியல், மாடி எண், லிஃப்ட் உண்டா என்பது மூன்றும் எழுத்தில் வர வேண்டும். முன்பணம் சிறிது மட்டும், பாக்கி கடைசிப் பெட்டி இறங்கிய பின். முகூர்த்த நாளும் மாதக் கடைசி ஞாயிறும் விலை ஏறும், ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். மாமியார் செவ்வாய் வேண்டாம் என்றால் புதன்.

பிள்ளைகளின் பள்ளியை மாற்றுவதாக இருந்தால் பில்டரின் தேதியை நம்பி டிசி வாங்காதீர்கள். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு மின்சார ரயில் இருக்கிறது. ஒரு பருவம் அலைந்தாலும் பரவாயில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பில்டருக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: பணி நிறைவுச் சான்றுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், விண்ணப்ப எண் என்ன, ரெரா தளத்தில் இந்தத் திட்டத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் முடிவுத் தேதி எது? மூன்றாவதன் விடையை நீங்களே தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். இருந்தாலும் கேளுங்கள், இரண்டு தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று தெரியும். விண்ணப்பமே இன்னும் போகவில்லை என்று பதில் வந்தால், மாமியாரிடம் ஆவணியைப் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிடுங்கள்.