தட்டைக் கீழே போடு

கேள்வி: அமெரிக்காவில் வீடில்லாதவர்களுக்குப் பூங்காவில் சோறு போட்ட 90 வயதுப் பெரியவர்மீது வழக்குப் பாய்ந்ததை உருகி உருகி எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம்தான், ஆனாலும் சட்டம் சட்டம்தானே? சர்ச்சுக்குள் வைத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? காந்தி சட்டத்தை மீறினார், தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இவர்கள் மீறிவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். இதையா சட்டமறுப்பு என்கிறீர்கள்?
(வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: உருகித்தான் எழுதினேன். அதற்காக வருத்தப்படவில்லை.

ஃப்ளோரிடா மாநிலம் ஃபோர்ட் லாடர்டேலில் ஆர்னால்ட் அபாட் 1991-லிருந்து, இறந்துபோன மனைவியின் நினைவாகச் சோறு போட்டு வந்தவர். 2014 நவம்பர் 2 அன்று ஸ்ட்ரானகன் பூங்காவில் மூன்று நான்கு தட்டுதான் கைமாறியிருக்கும். "அந்தத் தட்டை உடனே கீழே போடு" என்றாராம் ஒரு போலீஸ்காரர், ஏதோ ஆயுதத்தைப் பிடித்திருந்ததைப்போல. இது அபாட்டே சொன்னது. அவருக்கும் உடனிருந்த இரண்டு பாதிரியார்களுக்கும் வழக்கு. 60 நாள் சிறை, 500 டாலர் அபராதம் வரை போகலாம். மூன்றே நாளில் கடற்கரையில் அதே சோறு, மறுபடியும் வழக்கு.

அந்த நகராட்சிச் சட்டம் 'சோறு போடாதே' என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வீடுகளிலிருந்து 500 அடி தள்ளிப் போடு, இன்னொருவர் போடும் இடத்திலிருந்தும் 500 அடி தள்ளிப் போடு, கழிப்பறைக்கு நீயே ஏற்பாடு செய் என்றுதான் சொன்னது. ஊர் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் 500 அடிக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். மிச்சம் இருக்கும் இடத்துக்குப் பசித்தவன் நடந்து வர முடியுமா என்றும் பாருங்கள். சுத்தம் வேண்டும் என்றால் நான் உங்கள் கட்சி. கெட்டுப்போன சாப்பாடு வீடில்லாதவன் வயிற்றையும்தான் கெடுக்கும். அந்தக் கவலை உள்ள நகராட்சி முதலில் பூங்காவில் ஒரு குழாயும் கழிப்பறையும் கட்டும். கொடுக்கிறவன் தலையில் அதைக் கட்டாது.

உண்மைக் காரணத்தை மேயர் மறைக்கவில்லை. தெருவிலேயே சாப்பாடு கிடைத்தால் அவர்கள் தெருவிலேயே இருந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். இது நமக்கும் பழகிய பேச்சுதான். 'சோறு வைத்துப் பழக்காதே' என்று நாம் தெருநாயைப் பற்றிச் சொல்வோம். மனிதனைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளைச் சோற்றுக்காக யாரும் பிளாட்பாரத்தில் படுப்பதில்லை. வாடகை கொடுக்க முடியாமல் படுக்கிறார்கள். சர்ச்சுக்குள் போடலாமே என்று நீங்கள் கேட்பதும் கடைசியில் 'கண்ணில் படாமல் போடு' என்றுதான் முடிகிறது.

காந்திக்கு வருகிறேன். 1922-ல் அகமதாபாத் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு உச்ச தண்டனையைக் கேட்டார். அந்த ஆட்சியில் அவருக்குத் திறக்கக்கூடிய வேறு கதவு இல்லை. அமெரிக்காவில் அரசியல் சட்டம் என்று ஒரு கதவு இருக்கிறது: அதைக் காட்டி, ஒரு சட்டமே செல்லாது என்று கோர்ட்டில் வாதாடலாம். சட்டத்தை மீறிப் பிடிபடுவதுதான் பல நேரம் அதன் சாவி. பகலில், எல்லோர் கண் முன்னாலும், பெயரைச் சொல்லி, கொடுத்த நோட்டீஸை வாங்கிக்கொண்டு, மறுபடி அதே காரியத்துக்கு வருகிறவன் ஓடுகிறவன் இல்லை. இருட்டில் பொட்டலத்தை வைத்துவிட்டு அபாட் நழுவியிருந்தால் உங்கள் பேச்சை ஒப்புக்கொண்டிருப்பேன்.

டெக்சாஸின் ஹூஸ்டனில் நடந்ததைப் பாருங்கள். ஐந்து பேருக்கு மேல் சோறு போட இடத்தின் சொந்தக்காரர் அனுமதி வேண்டும் என்று 2012-ல் சட்டம் வந்தது. மைய நூலகத்துக்கு வெளியே சாப்பாடு கொடுத்துவந்த 'ஃபுட் நாட் பாம்ஸ்' ('குண்டு வேண்டாம், சோறு போதும்' என்னும் இயக்கம்) தொண்டர்களுக்கு 2023-ல் வரிசையாக அபராதச் சீட்டு எழுதினார்கள். ஒவ்வொன்றும் 2,000 டாலர் வரை. முதல் வழக்கில் ஜூரி 'குற்றவாளி இல்லை' என்றது. இன்னொன்றில், சோறு போட்டதற்கு அபராதம் விதிக்க மனம் வராது என்று பலரும் சொல்லிவிட, ஜூரி அமைக்கவே ஆள் போதவில்லை. அவர்கள் எந்த இயக்கத்தையும் சேராத ஊர்க்காரர்கள், கோர்ட் கூப்பிட்டதால் வந்தவர்கள். 'சட்டம் சட்டம்தானே' என்ற உங்கள் கேள்விக்கு அவர்களைவிட நான் என்ன பதில் சொல்லிவிட முடியும்?

ஆனால் கோர்ட்டில் கிடைத்த வெற்றியிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதே ஸ்ட்ரானகன் பூங்காவில் 'ஃபுட் நாட் பாம்ஸ்' சோறு பகிர்ந்தது பேச்சுரிமையில் சேரும் என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேஜை போட்டிருந்தார்கள், பேனர் கட்டியிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றிருந்தார்கள், ஆகவே அது ஒரு கருத்து, கருத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று போகிறது தீர்ப்பு. சோற்றைப் பேச்சு என்று நிரூபித்த பிறகுதான் அதற்குக் காவல் கிடைத்தது. பசி அங்கே வாதமாகவே நிற்கவில்லை.

பேனர் கட்டாதவர்கள் என்ன செய்வார்கள்? அரிசோனாவின் புல்ஹெட் சிட்டியில் 78 வயது அம்மா ஒருவர் தன் வீட்டு அடுப்பில் சமைத்ததைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 2022 மார்ச்சில் போலீஸ் அவரைக் கைது செய்து காரில் ஏற்றியது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அவர் நகராட்சிமீது வழக்குப் போட்டார். அது நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துச் சந்தில், தனியார் இடத்தில், அடுத்த சாப்பாட்டைப் பரிமாறத் தொடங்கிவிட்டார்.