சிவப்பு மையும் வெள்ளை யானையும்

ஆச்சி, போன வாரம் நீங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்கக் காரைக்குடி வந்தபோது சாவகாசமாகப் பேச முடியவில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எஸ்எஸ்சி என்கிற மத்திய அரசு வேலைத் தேர்வுக்காக, இடியம் (ஆங்கில மரபுத்தொடர்) புத்தகம் ஒன்றை வாங்கி, தம்பி தினம் ஐம்பது நெட்டுருப் போடுகிறார், மறுநாளே பாதி மறந்துபோகிறது என்றீர்கள். மறக்கத்தான் செய்யும். 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் என்ன என்று கேட்டேன். பீன்ஸைக் கொட்டுவதுவரை வந்தார், அதற்குமேல் நகரவில்லை. ரகசியத்தை வெளியே விடுவது என்று நான் சொன்னதும், "போட்டு உடைக்கிறதா?" என்றீர்களே, அதுதான் வழி. மளிகை பில்லைப் பார்த்து 'கையைக் கடிக்குது' என்று நீங்கள் சொன்னால் தம்பி பல் தடத்தையா தேடுகிறார்? கேட்டுக் கேட்டு வளர்ந்தவர், தெரியும். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' நம் அத்தி பூத்தாற்போலதான். 'பீட் அரவுண்ட் த புஷ்' என்றால் விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைப்பது.

சிலவற்றுக்குக் கதை தெரிந்தால் போதும். 'இன் த ரெட்' என்றால் நஷ்டத்தில் இருப்பது. கணக்கில் நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதிய வழக்கத்தில் வந்தது. ஐந்தொகைக் கணக்குப் போட்ட ஐயாவின் பேரனுக்கு இது மறக்குமா? 'ஒயிட் எலிஃபெண்ட்' இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பர்மாவிலும் சயாமிலும் வெள்ளை யானை புனிதமானது. வேலை வாங்க முடியாது, தீனி மட்டும் போட வேண்டும். பிடிக்காதவரை ஓட்டாண்டியாக்க சயாம் ராஜா அதைப் பரிசாகக் கொடுப்பாராம் என்று ஒரு கதை. வைத்துக் கட்டுப்படியாகாத, கைகழுவவும் முடியாத சொத்துக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற, பங்காளிகள் கூடி ஓடு மாற்றியே காசு கரைகிற உங்கள் வீட்டு வளவில், பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு தம்பி இதைப் படிக்கட்டும்.

தேர்வு விஷயம் சுருக்கமாக. பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி தேர்வான சிஜிஎல்லின் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். இடியம் அதில் ஒரு பகுதிதான். தப்புக்கு அரை மதிப்பெண் போகும், சரிக்கு இரண்டு வரும். நாலில் இரண்டு விடையை ஒதுக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிற விடை பெரும்பாலும் தூண்டில். பழைய வினாத்தாள்களில் வந்தவையே திரும்பத் திரும்ப வருகின்றன, முதலில் அவற்றை முடிக்கட்டும்.

தனியார் நேர்காணலுக்குப் போனால் இடியத்தை அள்ளித் தெளிக்க வேண்டாம், ஒப்பித்தது அப்பட்டமாகத் தெரியும். காதில் விழுந்தால் புரிந்தால் போதும். என்னிடம் வந்த பையன் ஒருவன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வாரம், மேலாளர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்று எழுந்திருக்கிறார். இன்றைக்கு இது போதும், கிளம்பலாம் என்று அர்த்தம். இவன் யாரையோ போனில் கூப்பிடப் போகிறார் என்று இரவு எட்டரை வரை உட்கார்ந்திருந்தான்.

அடுத்த முறை புத்தகம் வேண்டாம், ஒரு நோட்டு கொண்டுவரச் சொல்லுங்கள். இடது பக்கம் இங்கிலீஷ். வலது பக்கம், ஆச்சி, நீங்கள் சொல்லச் சொல்லத்தான் அவர் எழுத வேண்டும்.